இல்லாத புரதத்துக்கும் விழுந்த பட்டை: ஆன்டிபாடி விற்கும் நிறுவனத்தாருக்கு ஒரு திறந்த மடல்

பெறுநர்: ஆய்வகப் பயன்பாட்டுக்கான ஆன்டிபாடியை எங்களுக்கு விற்ற நிறுவனத்தின் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவினரும் தொழில்நுட்ப உதவிப் பிரிவினரும், அதை இந்தியாவில் தருவித்துக் கொடுத்த விற்பனை முகவர்.

மதிப்பிற்குரிய ஐயா, அம்மையீர்,

நாங்கள் உங்களிடம் வாங்கியது ஓர் ஆன்டிபாடி, அதாவது ஒரு குறிப்பிட்ட புரதத்தைத் தேடி ஒட்டி, அது இருப்பதைக் காட்டித்தரும் எதிர்ப்பொருள். கடந்த மாதம் உங்கள் தொழில்நுட்ப உதவிப் பிரிவிலிருந்து எனக்கு மூன்று வரியில் ஒரு மின்னஞ்சல் வந்தது. நான் சோதனைக்கு எடுத்துக்கொண்ட செல்கள், குறிப்பிட்ட ஆன்டிபாடிக்காக நீங்கள் சோதித்துப் பார்த்த மாதிரிகளின் பட்டியலில் இல்லை, ஆகவே உத்தரவாதம் பொருந்தாது, புகார் முடித்துவைக்கப்படுகிறது. அந்தச் செல்கள் எவை என்பதை அதற்கு முந்தைய கடிதத்தில் நான் ஒளிவுமறைவின்றி எழுதியிருந்தேன். எந்தப் புரதத்தைக் கண்டறியும் என்று சொல்லி அந்த ஆன்டிபாடியை விற்றீர்களோ, அந்தப் புரதத்தை உண்டாக்கும் மரபணுவே நீக்கப்பட்ட செல்கள் அவை. அங்கே அந்தப் புரதம் இல்லை. இல்லாத இடத்திலும் உங்கள் ஆன்டிபாடி அதைக் கண்டறிந்ததாகக் கரும்பட்டை ஒன்றைக் காட்டியது. ஒரு ஆன்டிபாடியின் பிழையை ஐயத்துக்கு இடமின்றிக் காட்டக்கூடிய சோதனை எதுவோ, அதையே தகுதியற்ற சோதனை என்று தள்ளிய உங்கள் முடிவை என்னால் பேசாமல் ஏற்றுக்கொள்ள இயலவில்லை. ஆகவே பொதுவில் எழுதுகிறேன்.

உங்கள் நிறுவனத்தின் பெயரையோ கேட்டலாக் எண்ணையோ இங்கே குறிப்பிடவில்லை. அவை உங்கள் கோப்பில் இருக்கின்றன, உங்களுக்குத் தெரியும். இந்த மடலின் பெரும்பகுதி வேறு பல நிறுவனங்களுக்கும் பொருந்தும் என்பதால், பெயரைச் சொல்லி மற்றவர்களைத் தப்பவிட எனக்கு விருப்பமில்லை.

நான் ஆராய்வது ஏ.எம்.பி.கே. எனப்படும் புரோட்டீன் கைனேஸை. கைனேஸ் என்பது மற்றொரு புரதத்தின் மீது பாஸ்பேட்டைப் பொருத்தி அதன் போக்கை மாற்றும் நொதி. மனித மரபணுத் தொகுதியில் 518 கைனேஸ்கள் இருப்பதாக 2002இல் கணக்கிட்டார்கள். பல உறுப்பினர்கள் ஒருவரையொருவர் அச்சில் வார்த்தது போல ஒத்திருக்கும் பெரிய குடும்பம் அது. ஏ.எம்.பி.கே. அவற்றில் செல்லின் எரிபொருள் கணக்கைப் பார்த்துக்கொள்வது. எரிபொருளான ஏ.டி.பி. குறைந்து, அது செலவானபின் மிஞ்சும் ஏ.எம்.பி. கூடும்போது விழித்துக்கொண்டு, செலவைக் குறைத்து வரவைக் கூட்டும். நம் வீடுகளில் சர்க்கரை நோய்க்காரர்கள் காலையும் இரவும் விழுங்கும் மெட்ஃபார்மின் இதைத் தூண்டுகிறது என்பது 2001இல் காட்டப்பட்டது. அந்த மருந்தின் பலன் முழுவதும் இதன் வழியாகத்தான் கிடைக்கிறதா என்ற விவாதம் அதன் பிறகும் நடக்கிறது. இந்த நொதி மூன்று துணையலகுகள் சேர்ந்தது. நொதியின் வேலையைச் செய்வது ஆல்ஃபா. அதிலும் ஆல்ஃபா ஒன்று, ஆல்ஃபா இரண்டு என இரு வகைகள் உண்டு. எலும்புத்தசையில் ஆல்ஃபா இரண்டின் கைதான் ஓங்கியிருக்கும். இரண்டும் ஏறத்தாழ 62 கிலோடால்டன் (புரதங்களின் எடையைச் சொல்லும் அலகு) எடை கொண்டவை. இரண்டிலும் 172ஆம் இடத்திலோ அதற்கு இணையான இடத்திலோ உள்ள திரியோனின் என்ற அமினோ அமிலத்தின் மீது பாஸ்பேட் ஏறினால்தான் நொதி முழு வீச்சில் இயங்கும்.

சி2சி12 என்ற எலித்தசைச் செல்களைக் குதிரை சீரத்தில் ஐந்தாறு நாள் வளர்த்துத் தசைநார்களாக்கி, அவற்றுக்குப் பால்மிடேட் என்ற கொழுப்பு அமிலத்தை நீண்ட நேரம் கொடுத்தால் ஆல்ஃபா இரண்டின் அளவு என்ன ஆகிறது என்பதுதான் எனது முனைவர் பட்ட ஆய்வின் முதல் கேள்வி. அதற்கு, ஆல்ஃபா ஒன்றைத் தொடாமல் ஆல்ஃபா இரண்டை மட்டும் பிடிக்கும் ஆன்டிபாடி வேண்டும். உங்கள் கேட்டலாக்கில் முயலின் இரத்தத்திலிருந்து எடுத்த பாலிகுளோனல், அதாவது பல எதிர்ப்பொருள்கள் கலந்த ஆன்டிபாடி ஒன்று இருந்தது. எலி, மனிதன் இரண்டுக்கும் பொருந்தும், வெஸ்டர்ன் பிளாட் என்ற சோதனை முறைக்கு ஏற்றது, ஆல்ஃபா இரண்டை மட்டுமே அறியும் என்று டேட்டாஷீட்டில் எழுதியிருந்தீர்கள். நம்பி வாங்கினோம்.

வாங்கிய பொருளின் அளவையும் விலையையும் சொல்லிவிடுகிறேன், ஏனெனில் இந்தத் துறைக்கு வெளியே இருப்பவர்கள் இதை நம்புவதில்லை. ஒரு குப்பியில் 100 மைக்ரோலிட்டர், அதாவது கண்ணுக்கு மருந்து விடும் அளவில் இரண்டு சொட்டு. வரியுடன் 46,000 ரூபாய்க்குச் சற்று மேல். 2023 ஜனவரி முதல் முதுநிலை ஆய்வு உதவித்தொகை மாதம் 42,000 ரூபாய். அதாவது, நான் ஒரு மாதம் முழுவதும் பார்க்கும் வேலையைவிட அந்த இரண்டு சொட்டின் விலை அதிகம். ஆகவே எங்கள் ஆய்வகத்தில் ஒரு முறை கலக்கிய ஆன்டிபாடிக் கரைசலைக் கொட்டுவதில்லை. கெடாமலிருக்கச் சோடியம் அசைடு சேர்த்து, 15 மில்லிலிட்டர் குழாயில் ஊற்றி, மூடியைப் பாராஃபிலிம் சுற்றி, குளிர்அறையில் வைத்து ஐந்தாறு முறை பயன்படுத்துவோம். குழாயின் மீது தேதியும், ஒவ்வொரு முறைக்கும் ஒரு கோடும் இருக்கும். உங்கள் ஆன்டிபாடி இருந்த குழாய்களில் நான் போட்ட கோடுகளை எண்ணித்தான் இரண்டு ஆண்டுகளில் எத்தனை பிளாட் ஓட்டியிருக்கிறேன் என்று கணக்கிட்டேன். 130க்கு மேல் வந்தது.

வெஸ்டர்ன் பிளாட்டில் நாங்கள் பார்ப்பது இரண்டே செய்திகள்: பட்டை எந்த எடையில் நிற்கிறது, எவ்வளவு கருமையாக இருக்கிறது. செல்லை உடைத்து, புரதங்களை ஜெல்லில் எடைவாரியாகப் பிரித்து, மெம்பிரேனுக்கு மாற்றி, ஆன்டிபாடியில் ஊறவைத்து ஒளியைப் பிடிக்கும் இந்த முறைக்கு, அந்தப் பட்டை எந்தப் புரதம் என்று சொல்லும் திறன் தானாகக் கிடையாது. பட்டைக்குப் பெயர் வைப்பது ஆன்டிபாடிதான். 62 கிலோடால்டனுக்கு அருகில் நிற்கும் புரதங்கள் ஒரு செல்லில் ஏராளமாக இருக்கும்போது, எதிர்பார்த்த எடையில் பட்டை விழுந்தது என்பதை மட்டும் சான்றாகக் கொள்வது, ஒரு தெருவில் நடுத்தர உயரமுள்ள ஒருவரைப் பார்த்துவிட்டு நான் தேடி வந்தவர் இவரே என்று சொல்வதற்கு ஒப்பாகும்.

எங்களுக்கு முதல் குப்பியிலேயே பட்டை அழகாக விழுந்தது. ஒற்றைப் பட்டை, பின்புலம் சுத்தம். பால்மிடேட் கொடுத்தாலும் கொடுக்காவிட்டாலும் அது அசையவில்லை. பாஸ்பேட் ஏறிய வடிவத்தை மட்டும் பிடிக்கும் மற்றொரு நிறுவனத்தின் ஆன்டிபாடியில் வந்த அளவை, உங்கள் ஆன்டிபாடி காட்டிய மொத்த அளவால் வகுத்து, விகிதங்களாக வரைபடம் போட்டேன். பின்னத்தில் தொகுதி சரியாக இருந்து பகுதி தவறாக இருந்தால் விடை என்னவாகும் என்பது ஆறாம் வகுப்புப் பிள்ளைக்குத் தெரியும். என் ஆய்வேட்டின் மூன்றாம் இயலில் உள்ள ஒவ்வொரு விகிதத்துக்கும் பகுதியாக நின்றது உங்கள் ஆன்டிபாடி காட்டிய பட்டை.

சந்தேகம் எழுந்தது எஸ்ஐஆர்என்ஏ சோதனையில். எஸ்ஐஆர்என்ஏ என்ற சிறு ஆர்என்ஏ துண்டைச் செலுத்தி, ஆல்ஃபா இரண்டை உண்டாக்கும் கட்டளையான செய்தி ஆர்என்ஏவை அழித்துவிட்டு, புரதம் குறைகிறதா என்று பார்க்கும் சோதனை அது. ஆர்என்ஏ ஐந்தில் ஒரு பங்காகக் குறைந்திருந்தது. பட்டை அப்படியே இருந்தது. புரதத்தின் ஆயுள் நீண்டதாக இருக்கலாம் என்றார் எங்கள் நெறியாளர். நியாயமான எண்ணம்தான். 48 மணி நேரத்தை 72 ஆக்கினேன், 96 ஆக்கினேன். தசைநார்களுக்குள் எஸ்ஐஆர்என்ஏவைச் செலுத்துவது கடினம் என்பதால், நார்களாவதற்கு முன்பே செலுத்திப் பார்த்தேன். செலுத்தும் வேதிப்பொருளை இரண்டு முறை மாற்றினேன். இதில் நான்கு மாதங்கள் சென்றன. அந்தக் காலத்தில் பழுது ஆன்டிபாடியில் இருக்கலாம் என்று எனக்குத் தோன்றவே இல்லை. என் கை சரியில்லை என்றே நம்பிக்கொண்டிருந்தேன். ஆய்வகத்தில் புதியவர்கள் எல்லோரும் அப்படித்தான் நம்புகிறார்கள். உங்கள் தொழில் பெருமளவு அந்த நம்பிக்கையின் மீது நிற்கிறது என்று இப்போது நினைக்கிறேன்.

அப்போதுதான் உங்களுக்கு முதல் கடிதம் எழுதினேன். நீங்கள் அனுப்பிய பதிலில் ஒன்பது அறிவுரைகள் இருந்தன: புரோட்டியேஸ் தடுப்பானைப் புதிதாகச் சேர்க்கவும், பால்பொடிக்குப் பதிலாக ஆல்புமின் பயன்படுத்தவும், ஆன்டிபாடியின் செறிவைக் குறைக்கவும், இரவு முழுவதும் 4 டிகிரியில் ஊறவைக்கவும், இப்படியே மேலும் ஐந்து. ஒன்பதையும் செய்து, ஒன்பது படங்களையும் திருப்பி அனுப்பினேன். இறக்குமதியில் குளிர்ச்சி கெட்டிருக்கலாம் என்று முகவர் தரப்பில் ஒருவர் தொலைபேசியில் சொன்னார். குப்பி வந்து சேர ஏழு வாரங்கள் ஆனது உண்மை. ஜெல்பேக் உருகியிருந்ததும் உண்மை, அது மே மாதக் கத்திரி வெயில். ஆனால் வெப்பத்தில் கெட்டுப்போன ஆன்டிபாடியின் பட்டை மங்கும், அல்லது மறையும். எங்களுடைய சிக்கல் மங்கிய பட்டை அன்று. எதனாலும் மங்க மறுக்கும் பட்டை.

விடை பெங்களூரிலிருந்து வந்தது. அங்கே ஓர் ஆய்வகத்தில் இருக்கும் தோழி, ஆல்ஃபா ஒன்று, ஆல்ஃபா இரண்டு ஆகிய இரு மரபணுக்களும் நீக்கப்பட்ட எலிக்கருவின் நார்ச்செல்களை வளர்க்கிறார். இந்தத் துறையில் பல ஆண்டுகளாகக் கைமாறிவரும், எல்லோரும் அறிந்த செல்கள் அவை. அவற்றின் லைசேட்டையும் (செல்லை உடைத்து எடுத்த கரைசல்) சாதாரண நார்ச்செல்களின் லைசேட்டையும் உலர்பனியில் வைத்து அனுப்பினார். ஒரே ஜெல்லில் மூன்று மாதிரிகள்: சாதாரணச் செல், மரபணு நீக்கிய செல், எங்கள் தசைநார். இதே வரிசையை மூன்று முறை ஏற்றி, மெம்பிரேனை மூன்றாக வெட்டினேன். ஒரு துண்டு உங்கள் ஆன்டிபாடியில், ஒன்று ஆல்ஃபா இரு வகைகளையும் பிடிக்கும் வேறொரு நிறுவன ஆன்டிபாடியில், ஒன்று பாஸ்பேட்டைப் பிடிக்கும் ஆன்டிபாடியில் ஊறின. இரவு ஒன்பதரைக்கு, பட்டைகளின் ஒளியைப் படமெடுக்கும் இமேஜரின் முன் நின்றேன். வேறொரு நிறுவனத்தின் ஆன்டிபாடியில் முதல் தடத்தில் பட்டை, நடுத்தடம் வெறுமை, மூன்றாம் தடத்தில் பட்டை. பாஸ்பேட் ஆன்டிபாடியிலும் நடுத்தடம் வெறுமை. உங்கள் ஆன்டிபாடி ஊறிய துண்டில் மூன்று தடங்களிலும் ஒரே உயரத்தில், ஒரே கருமையில், அளவெடுத்து வைத்ததுபோல மூன்று பட்டைகள். ஒளிபடும் நேரம் 30 நொடி. கருவியின் விசிறிச் சத்தம் தவிர அந்த அறையில் வேறு ஓசை இல்லை. என்னுடைய இரண்டு ஆண்டுகள் அந்த நடுத்தடத்தில் இருந்தன.

அதை மேலும் இரண்டு முறை, வேறு லாட் (தயாரிப்புத் தொகுதி) எண்ணுள்ள குப்பியிலும் செய்து பார்த்தேன். முடிவு மாறவில்லை, இரண்டாம் லாட்டில் 50 கிலோடால்டனுக்கு அருகே கூடுதலாக ஒரு பட்டை வேறு வந்தது. உங்கள் ஆன்டிபாடியின் மீது ஒட்டி ஒளியைத் தர உதவும் இரண்டாம் நிலை ஆன்டிபாடியை மட்டும் போட்ட துண்டில் எதுவும் வரவில்லை. உங்கள் ஆன்டிபாடி உண்மையில் பிடித்த புரதம் எது என்பதைக் கண்டறிய வேண்டிய கடமை என்னுடையது அன்று, அதை விற்றவர்களுடையது.

இப்போது உங்கள் டேட்டாஷீட்டைப் பற்றி. அதில் உள்ள ஒரே படம், ஹெக் 293 என்ற மனிதச் செல்களில் ஆல்ஃபா இரண்டைச் செயற்கையாக மிகையாக உண்டாக்கி எடுத்தது. மிகையாக உண்டாக்கிய தடத்தில் கரும்பட்டை. மற்றதில் ஏறத்தாழ ஒன்றுமில்லை. படம் 55 முதல் 75 கிலோடால்டன் வரை மட்டும் வெட்டப்பட்டிருக்கிறது. மேலும் கீழும் என்ன இருந்தது என்று வாங்குபவருக்குத் தெரியாது. ஒரு புரதத்தை நூறு மடங்கு கொட்டி வைத்தால் சுமாரான ஆன்டிபாடியும் அதில் ஒட்டும். இயல்பான செல்லில், இயல்பான அளவில், ஆயிரக்கணக்கான வேறு புரதங்களுக்கு நடுவே அது எதை எடுக்கும் என்ற கேள்விக்கு அந்தப் படத்தில் விடை இல்லை. அதன் கீழே, இந்த ஆன்டிபாடி பயன்படுத்தப்பட்ட ஆய்வுக்கட்டுரைகளின் பட்டியலை நற்சான்றாகப் போட்டிருந்தீர்கள். அந்தப் பட்டியலைப் பார்த்துத்தான் நானும் வாங்கினேன். என் கட்டுரை வெளிவந்திருந்தால் அதுவும் அந்தப் பட்டியலில் சேர்ந்து, அடுத்து வரும் ஒருவரை நம்பவைத்திருக்கும். எந்தப் பெப்டைடை, அதாவது ஆல்ஃபா இரண்டின் எந்தச் சிறு துண்டைச் செலுத்தி அந்த முயலை எதிர்ப்பொருள் உண்டாக்க வைத்தீர்கள் என்று கேட்டேன். வணிக இரகசியம் என்றீர்கள். ஆல்ஃபா ஒன்றும் இரண்டும் நொதிப் பகுதியில் பெரும்பாலும் ஒன்றே என்பதால், எந்தத் துண்டு என்று தெரிந்திருந்தால் நாங்களே சிறிது முன்யோசனையோடு இருந்திருப்போம்.

இது எனக்கு மட்டும் நேர்ந்த துரதிர்ஷ்டம் என்று நீங்கள் சொல்ல முடியாது. டொராண்டோவில் கணையப் புற்றுநோயை ஆராய்ந்த எலெஃப்தேரியோஸ் டயமாண்டிஸின் குழு, சியூஇசட்டி1 என்ற புரதத்தை அளப்பதாகச் சொன்ன சோதனைப்பெட்டியை நம்பி இரண்டு ஆண்டுகளையும் ஏறத்தாழ 5 இலட்சம் டாலரையும் இழந்தது. பெட்டி அளந்தது சிஏ125 என்ற வேறொரு புரதத்தை. இது 2015இல் நேச்சர் இதழ்வழி உலகம் முழுவதும் படித்த செய்தி. அதே ஆண்டு பிப்ரவரியில் ஆண்ட்ரூ பிராட்பரியும் ஆண்ட்ரியாஸ் பிளூக்துனும், மேலும் நூற்றுக்கும் மேற்பட்டோரின் ஒப்பத்துடன், ஆன்டிபாடிகளை அவற்றின் மரபணு வரிசையால் அடையாளப்படுத்தி, மறுசேர்க்கை முறையில், அதாவது அந்த வரிசையைச் செல்களுக்குள் புகுத்தித் தயாரிக்க வேண்டும் என்று அதே இதழில் கேட்டார்கள். முயல் இறந்தால் பாலிகுளோனலும் முடிந்துவிடும். அடுத்த முயலின் இரத்தம் அடுத்த முயலின் இரத்தம்தான். வரிசை தெரிந்த ஆன்டிபாடிக்கு அந்தச் சாவு இல்லை. 2016இல் ஒரு பன்னாட்டுக் குழு ஆன்டிபாடியைச் சரிபார்க்க ஐந்து வழிகளை முன்வைத்தபோது, அவற்றில் முதலாவதாக நின்றது மரபணுவை நீக்கியோ அடக்கியோ பட்டை மறைகிறதா என்று பார்ப்பது. நான் செய்ததும், தகுதியற்றது என்று நீங்கள் ஒதுக்கியதும் அதுவே.

2023இல் மான்ட்ரியலைச் சேர்ந்த குழு ஒன்று, 65 புரதங்களுக்கான 614 வணிக ஆன்டிபாடிகளைச் சாதாரணச் செல்லிலும் மரபணு நீக்கிய செல்லிலும் அருகருகே ஓட்டிப் பார்த்து முடிவுகளை வெளியிட்டது. மறுசேர்க்கை ஆன்டிபாடிகள் மற்றவற்றைவிட நன்றாக வேலை செய்தன. இலக்கைப் பிடிக்கவே பிடிக்காத ஆன்டிபாடிகளும் கணிசமாக இருந்தன. அவற்றைப் பயன்படுத்தி வெளிவந்த கட்டுரைகள், ஒரு புரதத்துக்குச் சராசரியாக ஏறத்தாழ ஒரு டஜன் இருந்தன. அந்த ஆன்டிபாடிகளை இலவசமாகக் கொடுத்துச் சோதிக்கச் சொன்னவர்கள் உங்களைப் போன்ற நிறுவனத்தாரே. முடிவு வந்த பிறகு பலவற்றை விற்பனையிலிருந்து எடுத்தும், பலவற்றின் பரிந்துரையைத் திருத்தியும் இருக்கிறார்கள். ஆகவே இது செய்ய முடியாத காரியம் என்று யாரும் சொல்ல இயலாது.

எங்கள் பக்கத்துத் தவற்றை மறைக்கவில்லை. முதல் குப்பி வந்த வாரமே பெங்களூர் லைசேட்டை வரவழைத்திருக்க வேண்டும். எங்கள் கொள்முதல் முறையில் மூன்று விலைப்புள்ளிகளை வாங்கிக் குறைந்ததை எடுக்கிறோம். ஒரே புரதத்தின் பெயர் எழுதிய மூன்று குப்பிகள் ஒரே பொருள் என்று கணக்குப் பிரிவு கருதுகிறது, நாங்களும் விளக்கிச் சொல்வதில்லை. இவற்றைப் பற்றி எங்கள் பல்கலைக்கழகத்துக்குத் தனியே எழுதிக்கொண்டிருக்கிறேன். ஆனால் மூன்றாம் இயலை நீக்கி, ஓராண்டு நீட்டிப்புக்கு விண்ணப்பித்து நிற்பவரிடம், நீங்கள் முதலிலேயே சோதித்திருக்கலாமே என்று விற்றவர் கேட்பது பொருந்தாது. மரபணு நீக்கிய லைசேட்டுகளையும் சில நிறுவனங்களே தனி விலைக்கு விற்கின்றன என்பதையும் சேர்த்துப் பார்த்தால், பொருளுக்கு ஒரு விலையும் அது போலியா என்று அறிய இன்னொரு விலையும் கேட்பதாக ஆகிறது.

என்னை எழுதத் தூண்டிய இன்னொன்றும் உண்டு. புகாரை முடித்துவைத்த இரண்டாம் வாரத்தில் உங்கள் தளத்தில் அந்த ஆன்டிபாடியின் பக்கத்தைத் திறந்தேன். தயாரிப்பு நிறுத்தப்பட்டது என்று ஒரு வரி. அதற்குப் பதிலாக வாங்கலாம் என்று ஒரு புதிய மறுசேர்க்கை ஆன்டிபாடியின் இணைப்பு. புதியதன் பக்கத்தில் மரபணு நீக்கிய செல்லின் படம் இருக்கிறது. நடுத்தடம் வெறுமையாக இருக்கிறது. எந்தச் சோதனை எனக்குப் பொருந்தாது என்றீர்களோ, அதையே புதிய பொருளின் விளம்பரமாகப் போட்டிருக்கிறீர்கள். பழையது ஏன் நிறுத்தப்பட்டது என்பதற்கு ஒரு சொல் இல்லை. பழைய டேட்டாஷீட்டும் இல்லை. அதை வாங்கியவர்கள் இன்னும் எத்தனை குளிர்ப்பெட்டிகளில் வைத்துக்கொண்டு, கோடு போட்டு எண்ணிக்கொண்டிருக்கிறார்கள் என்பது உங்கள் விற்பனைப் பதிவேட்டுக்கு மட்டும் தெரியும்.

ஆகவே நான் கேட்பவை இவை.

முடித்துவைத்த புகாரைத் திறந்து, நான் அனுப்பிய படங்களை உங்கள் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவைச் சேர்ந்த ஒருவர் பார்த்து, ஆன்டிபாடி இலக்கைப் பிடிக்கிறதா இல்லையா என்று கையொப்பத்துடன் எழுத்தில் பதில் தர வேண்டும். இல்லை என்றால், மூன்று குப்பிகளின் விலையையும் பல்கலைக்கழகக் கணக்குக்குத் திருப்பித் தர வேண்டும். அடுத்த கொள்முதலில் தள்ளுபடி தருவதாக முகவர் சொன்னதை ஏற்க மாட்டோம்.

பணத்தைவிட முக்கியமானது: அந்த ஆன்டிபாடியின் எந்த லாட்டையும் வாங்கிய ஒவ்வொருவருக்கும், எந்த நாட்டில் இருந்தாலும், நிறுத்தியதற்கான காரணத்தைக் கடிதமாக அனுப்ப வேண்டும். நிறுத்தப்பட்ட பொருளின் பக்கத்தை அழிக்காமல், பழைய டேட்டாஷீட்டுடனும் நிறுத்திய காரணத்துடனும் வைத்திருக்க வேண்டும். ஆய்வுக்கட்டுரைகளில் அதன் கேட்டலாக் எண்ணும் ஆர்.ஆர்.ஐ.டி. அடையாள எண்ணும் நிரந்தரமாக நிற்கின்றன. அவற்றைத் தேடி வருபவர் வெற்றுப் பக்கத்தைப் பார்க்கக் கூடாது.

உங்கள் கேட்டலாக்கில் மிச்சமிருக்கும் கைனேஸ் ஆன்டிபாடிகள் ஒவ்வொன்றுக்கும், மரபணு நீக்கிய செல்லில் சோதித்த முழுப் பிளாட்டை, வெட்டாமல், ஒளிபட்ட நேரத்துடன் வெளியிட வேண்டும். சோதிக்காதவற்றில் சோதிக்கவில்லை என்று விலைக்கு அருகிலேயே எழுத வேண்டும். பெப்டைட் வரிசையை, அல்லது குறைந்தது அது புரதத்தின் எந்த எண்ணிலிருந்து எந்த எண் வரை என்பதைச் சொல்ல வேண்டும். உத்தரவாத விதியில் சோதிக்கப்பட்ட மாதிரிகள் என்ற சொற்றொடரைத் திருத்தி, மரபணு நீக்கிய செல்களில் வரும் முடிவை ஏற்கத்தக்க சான்றாகச் சேர்க்க வேண்டும்.

இந்திய முகவரிடம் இரண்டு வேண்டுகோள்கள். விலைப்புள்ளி அனுப்பும்போதே லாட் எண்ணையும், சரிபார்ப்பு எந்த முறையில் நடந்தது என்பதையும் குறிப்பிடுங்கள். அப்போதுதான் எங்கள் கொள்முதல் குழு விலையைத் தவிர வேறொன்றையும் ஒப்பிட முடியும். 10 அல்லது 20 மைக்ரோலிட்டர் அளவுச் சோதனைக் குப்பிகளைத் தருவித்துக் கொடுங்கள். முழுக் குப்பிக்கு ஆணையிடும் முன் ஓட்டிப் பார்த்துக்கொள்கிறோம்.

இந்த மடல் உங்களை அடைந்த நாளிலிருந்து 30 நாட்களுக்குள் பதிலை எதிர்பார்க்கிறேன். பதில் எதுவாக இருந்தாலும், மூன்று பிளாட்டுகளின் வெட்டாத படங்களையும் செய்முறையையும் கேட்டலாக் எண்ணுடன் பொதுத் தரவுக் களஞ்சியத்தில் ஏற்றுவதற்கு எங்கள் நெறியாளரின் ஒப்புதலைப் பெற்றுவிட்டேன். உங்கள் பதில் வந்தால் அதையும் அருகிலேயே சேர்ப்பேன்.

மூன்றாம் குப்பியில் ஏறத்தாழ 40 மைக்ரோலிட்டர் மீதம் இருக்கிறது. மைனஸ் 20 டிகிரியில், முதல் நாள் வந்த அதே பெட்டியில் வைத்திருக்கிறேன். உங்கள் ஆய்வகத்திலேயே ஓட்டிப் பார்க்க விரும்பினால், பெங்களூரிலிருந்து வந்த இரண்டு லைசேட்டுகளிலும் ஒரு பங்கு எடுத்து வைத்திருக்கிறேன். மூன்றையும் சேர்த்து அனுப்புகிறேன். உலர்பனிக்கும் கூரியருக்குமான செலவை மட்டும் நீங்கள் ஏற்றுக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
ஐந்தாம் ஆண்டு ஆய்வு மாணவி,
சென்னை